மஞ்சள் கோடு

"வீலைப் பிடிக்காதீங்க! ஹேண்டில்பாரைப் பிடிங்க. இதுகூடத் தெரியாம என்னத்த கிளப் நடத்தறீங்க?"

கத்திக்கொண்டே பெரியவள் வேனுக்குள் ஏறினாள். பைக் ரேஸ் கிளப்பிலிருந்து வந்த இரண்டு பேரும் சறுக்குப் பலகையின் நடுவில் வண்டியை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள். அவர்களை விலக்கிவிட்டு அவளே ஹேண்டில்பாரைப் பிடித்தாள். வண்டி கியரில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. பழக்கத்தில் கிளட்சுக்கு ஆள்காட்டி விரலை நீட்டினாள், விரல் காற்றில் துழாவியது. எட்டிப் பிடித்து, நான்கு விரலாலும் அழுத்தித்தான் உருட்ட வேண்டியிருந்தது. இருந்த கோபத்தில் அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

வண்டியைக் கொண்டுவரச் சொல்லி இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. மரியாதை என்று கிளப் செயலாளர் தானாகவே முடிவு செய்திருந்தார். வண்டியை ஓட்டிய தங்கை முன் அறையில் வெள்ளைத் துணிக்கு அடியில் கிடக்கிறாள். அவளைக் கொன்ற வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது என்ன மரியாதையோ, அது அவருக்கே வெளிச்சம்.

சுவரோரம் வண்டியைச் சாய்த்தபோதுதான் வலப்பக்கத்தைப் பார்த்தாள். முன் பிரேக்கின் லீவர் பாதியில் முறிந்து, மொட்டையாக நின்றது.

"இது எப்படி முறிஞ்சுது?"

"விழுந்தா முறியாதாம்மா?" என்றார் செயலாளர். யார் தோளையாவது தட்டிக்கொடுக்காமல் அவருக்குப் பேச வராது. அவள் தோளுக்குக் கையைக் கொண்டுவந்தார். அவள் நகர்ந்துகொண்டாள்.

"எத்தனையோ தடவை விழுந்திருக்கா. முறிஞ்சதில்லையே."

"இது அந்த மாதிரி விழுந்தது இல்லம்மா. பயம். வேற ஒண்ணுமில்ல. அந்த இறக்கத்துல ஒரு நொடி பயந்துட்டா. பயந்தா முழுக் கையும் பிரேக்குக்குப் போயிடும். நாலு விரலையும் போட்டுப் பிடிச்சா, முன்சக்கரம் அப்படியே நின்னுடுச்சு, தூக்கி எறிஞ்சுடுச்சு. நான்தான் கண்ணால பார்த்தேனே. எவ்வளவு சொல்லிக் குடுத்தாலும் பயம்னு வந்துட்டா பொண்ணுங்க..."

"முடிச்சிடுங்க, சார். முழுசாச் சொல்லிடுங்க. பொண்ணுங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முன் அறையில் நாற்காலிகளைச் சுவரோடு சுவராகப் போட்டிருந்தார்கள். நடுவில் கட்டில். சின்னவளின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கழுத்து என்று சொன்னார்கள். கட்டிலின் பக்கத்தில் முக்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். மகளின் வலது கையைத் துணிக்கு வெளியே எடுத்து மடியில் வைத்திருந்தாள். சின்னக் கை. கிளப்பில் 'சுண்டு' என்று அவளுக்குப் பேர் வந்ததே அந்தக் கையால்தான். கடையில் கையுறை கேட்டால் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்புவார்கள். அதையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பெரியவள் பக்கத்தில் போனதும் அம்மா நிமிர்ந்தாள். காலையிலிருந்து ஒரே கேள்வி.

"பயந்துட்டாளாடி?"

"இல்லம்மா."

"எல்லாரும் பயந்துட்டான்னுதான் சொல்றாங்க. கடைசியா பயந்து... அம்மான்னு கூப்பிட்டிருப்பா இல்ல? நான் இங்க அடுப்படில நின்னுட்டிருந்தேன்."

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகை என்றுதான் அறையில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அது அழுகை இல்லை, யாரையாவது பிடித்து நாலு அறை விட வேண்டும் போல ஓர் ஆத்திரம். செத்தவளின் உடம்பு ஆறுவதற்குள் அவளைக் கோழை ஆக்கிவிட்டார்களே! இனி அம்மா உயிரோடு இருக்கும் நாளெல்லாம் அடுப்படியில் நிற்கும்போது அந்தக் கூப்பாடு கேட்டுக்கொண்டே இருக்கும். போடாத கூப்பாடு.

"அப்பவே சொன்னேன்," என்று அத்தை ஆரம்பித்தாள். அப்பாவின் அக்கா. எதற்கும் அப்பவே சொன்னவள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த முரட்டு வெளையாட்டு? கேட்டீங்களா யாராவது?"

"அத்தை, வாயை மூடிக்கிட்டு இருக்கறதுன்னா இருங்க. இல்லேன்னா கிளம்புங்க."

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, 'இவளுக்கு இருக்கற திமிரைப் பார்' என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

வாசல் பக்கத்து நாற்காலியில் அப்பா. பக்கத்தில் செயலாளர் குனிந்து, அவர் தோளைத் தட்டித் தட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். "அவசரப்பட்டுட்டா, அண்ணே." அதற்கும் ஓர் ஆட்டல். "கையை அடக்கத் தெரியல." அதற்கும். முழங்கால்மேல் கிடந்த அவர் விரல்களில் நகக்கண் எல்லாம் மஞ்சள் பெயின்ட். அது எப்போதும் இருப்பதுதான். தன் மெக்கானிக் பட்டறையில் ஒரு போல்ட்டை முறுக்கி முடித்தால், அதன் தலையில் தொடங்கி அடியில் இருக்கும் உலோகம் வரைக்கும் மஞ்சளில் ஒரு கோடு இழுப்பார். போல்ட் பிறகு எப்போதாவது நெகிழ்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளர்கள் நிம்மதியாக வண்டி எடுப்பார்கள். அந்தப் பெயின்ட்டையும் தூரிகையையும் பட்டறையில் வேறு யாரும் தொட முடியாது, கூடவே வேலை பார்க்கும் பெரியவள்கூட.

பெற்றவரே தலையாட்டினால் ஊர் என்ன பேசாது? ஒரு வார்த்தை, 'என் பொண்ணு பயப்படற ஆளு இல்ல'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா?

பெரியவள் வெளியே வந்தாள்.

அந்த வண்டியின் இரண்டு லீவர்களையும் சின்னவளின் கைக்கு ஏற்றபடி வைத்தவள் அவள். அன்றைக்குப் பட்டறையில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சின்னவளைக் கால்மிதிமேல் நிற்கச் சொன்னாள். மண்ணில் ஓட்டுகிறவர்கள் பாதி நேரம் நின்றுதான் ஓட்டுகிறார்கள். உட்கார்ந்து பார்த்து லீவர் வைத்தால் நிற்கும்போது மணிக்கட்டு மடங்கிப் போகும்.

"கண்ணை மூடு. கையை வை."

"ஜோசியம் பாக்கறியா?"

"வைடி."

முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் வளையாமல் ஒரே நேராக வரும் இடத்துக்கு லீவரைக் கீழே சாய்த்தாள். ஆள்காட்டி விரல் லீவரின் நுனி வளைவில் போய் உட்காரும்படி லீவரை ஹேண்டில்பாரோடு பிணைக்கும் கிளாம்பைப் பிடியிலிருந்து உள்ளே தள்ளினாள். கை சின்னது என்பதால், தூரத்துக்கான குட்டித் திருகை முறுக்கி லீவரை நன்றாக அருகில் கொண்டுவந்தாள். கிளாம்புக்கு அடியில், குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றி, போல்ட்டைப் பாதி முறுக்கோடு விட்டாள். குலுக்கலுக்கு அசையாது. விழுந்தால் மட்டும் லீவர் சுழன்று கொடுத்துவிடும். எழுந்து ஒரு தட்டுத் தட்டினால் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

"ஒரு விரல் பிரேக்குக்கு. மூணு விரலும் கட்டை விரலும் வண்டியைப் பிடிக்க. நாலையும் பிரேக்குக்குக் குடுத்துட்டா வண்டியை யாருடி பிடிப்பா?"

"நீ வந்து பிடி," என்றாள் சின்னவள், கண்ணைத் திறக்காமலே.

அப்பா பட்டறைக் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் ஓட்டியவர், ஜெயித்தவர். "என்னடி இது, லீவர் ரெண்டும் தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது? எங்க காலத்துல தரைக்கு நேரா கம்பீரமா நிக்கும். முழுக் கையால பிடிச்சாத்தான் பிரேக்."

"என் கை எங்க இருக்கோ அங்க லீவர் வரட்டும்ப்பா. நான் எதுக்கு அதைத் தேடிக்கிட்டுப் போகணும்?" என்றாள் சின்னவள்.

அதற்கு அப்பாகூடச் சிரித்தார்.

அப்படி வைத்த லீவர் முறியாது. முறிந்தால், அதை யாரோ சுழல முடியாதபடி முறுக்கியிருக்கிறார்கள். பெரியவள் வண்டியின் இடப்பக்கம் போய் நின்றாள். கிளட்ச் லீவர் முழுசாக இருந்தது. தரைக்கு நேராக, விறைப்பாக, பிடியிலிருந்து எங்கேயோ தள்ளி. உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தாள். பாறை மாதிரி நின்றது. ஆள்காட்டி விரலை நீட்டினாள். அவளுடைய நீள விரலுக்கே எட்டவில்லை. சற்று முன் வேனில் காற்றைத் துழாவியது இப்போது உறைத்தது.

"சார்!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். செயலாளர் ஓடி வந்தார்.

"யாரு இந்த வண்டில கை வெச்சது?"

"யாரும் வைக்கலையேம்மா."

"பொய் சொல்லாதீங்க. இது நான் வெச்ச லீவர் இல்ல. இதுக்கு அடியில டேப் சுத்தியிருந்தேன், அது எங்க? உங்க கிளப் ஆளுங்க எவனோ மூக்கை நுழைச்சு மாத்தியிருக்கான். இறக்கத்துல நின்னுக்கிட்டு வர்றா. ஒரு விரலை நீட்டறா, லீவர் இல்ல. எட்டிப் பிடிக்கணும்னா நாலு விரலையும் பிடியிலேர்ந்து எடுத்தாகணும். எடுத்தா. அந்த நேரம் பார்த்து ஒரு மேடு தூக்கிப் போட்டிருக்கும். கட்டை விரல் ஒண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவா? மொத்த உடம்பு கனமும் பிரேக்லதான் விழும். இதுக்குப் பேரு பயமா? வாய் கூசாம காலையிலேர்ந்து ஊர் பூரா சொல்லிக்கிட்டு இருக்கீங்களே!"

"எம்மேல சத்தியமா எங்க ஆளுங்க தொடல," என்றார் அவர். முகம் வெளுத்துப் போயிருந்தது. "உங்க வீட்டுலேர்ந்து எப்படி வந்துதோ அப்படியேதான் ஏறி ஓட்டினா."

"அப்ப யாரு, ஆவி வந்து மாத்திச்சா?"

கேட்டுக்கொண்டே குனிந்து கிளாம்பைப் பார்த்தாள். போல்ட் தலையில் செம்மண் காய்ந்து அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். மண் பொடிந்து விழுந்தது. அடியில் மஞ்சளாக, நேராக, சுத்தமாக ஒரு கோடு.

சுரண்டிய கை அப்படியே நின்றது. அவள் எழுந்து வலப்பக்கம் போய் அங்கேயும் சுரண்டினாள். அங்கேயும் இருந்தது. அவ்வளவு மோசமாக விழுந்தும் கோடு ஒரு மயிரிழை விலகவில்லை. அப்பா முறுக்கினால் முறுக்கினதுதான்.

"என்னம்மா?" என்றார் செயலாளர்.

"நீங்க உள்ள போங்க."

வண்டியை அவளே தள்ளிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பக்கவாட்டுச் சந்துக்குப் போனாள். முன் அறையின் ஜன்னல் அங்கேதான் திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம். திரும்பிப் பார்க்காமலே யார் என்று தெரிந்தது.

"ஆடிச்சும்மா," என்றார் அப்பா. கேள்வி கேட்பதற்கு முன்பே பதில். "ரேஸுக்கு முந்தின நாள் வண்டியைத் துடைச்சேன். லீவரைக் கையால தள்ளினா நகருது. யாரோ சரியா முறுக்காம விட்டுட்டாங்கன்னு..."

"யாரோ இல்ல. நான். நீங்க நின்னு பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

"நீ சும்மா சாய்ச்சு வெச்சிருக்கேன்னு நெனச்சேன். பெரிய ரேஸ். பெரிய ஆளுங்களோட ஓட்டறா. வண்டி பக்காவா இருக்கணும்னு எல்லா போல்ட்டையும் முறுக்கினேன். லீவரையும் நேராக்கி, தள்ளி வெச்சுக் குடுத்தேன். நல்லதுக்குத்தானேடி செஞ்சேன்."

"அவ பார்க்கலையா?"

அப்பா சந்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"கேக்கறேன்ல? சின்னவ வண்டில ஏறினதும் முதல்ல லீவரைத்தான் தொட்டுப் பார்ப்பா. அவ கேக்கலையா?"

"கேட்டா."

"என்ன கேட்டா?"

"ஏன்ப்பா மாத்தினீங்க, எனக்கு எட்டல, பழையபடி வெச்சுக் குடுங்கன்னா." அவர் குரல் கீச்சென்று உடைந்தது. "அதுக்குள்ள வரிசைக்குக் கூப்பிட்டுட்டாங்க. ஸ்பேனர் வேன்ல இருந்துது. ஓடிப் போய் எடுத்திருக்கலாம். எல்லாரும் இப்படித்தான் ஓட்டறாங்க, ரெண்டு சுத்துல பழகிடும் போன்னு சொன்னேன். முறைச்சுட்டுப் போனா."

பெரியவள் அவரைப் பார்த்தாள். பாவமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். பாவமாகவே இல்லை. பற்றிக்கொண்டு வந்தது.

"போல்ட்டை முறுக்கினது கூடப் பரவாயில்ல. தெரியாம செஞ்சது. ஆனா காலையிலேர்ந்து அந்த ஆளு உங்க பொண்ணைக் கோழைங்கறான், நீங்க தலையாட்டறீங்க. அதுவும் தெரியாமத்தானா?"

"என்னன்னு சொல்லுவேன்? உங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"ஓ. உன் மூஞ்சிக்காக அவ பேரைக் கெடுத்துட்ட."

அப்பா அறை வாங்கியது போல நிமிர்ந்தார். பிறந்ததிலிருந்து அவள் அவரை ஒருமையில் பேசியதில்லை.

"அம்மா என்ன கேட்டுக்கிட்டு இருக்கா, காதுல விழுந்துதா? யாரு கொன்னான்னு கேக்கல. பயந்தாளான்னு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறா. அதுக்குப் பதில் உன்கிட்டதான் இருக்கு. போய்ச் சொல்லு."

"நீ சொல்லேன்மா. நான்... என்னால..."

"நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனப்பா. காலையிலேர்ந்து சொல்லிட்டேன், நம்பல. கோடு உன்னுது. நீதான் சொல்லணும். எடுக்கறதுக்குள்ள சொல்லணும். அவ காது கேக்கச் சொல்லணும்."

யார் காது என்று அப்பா கேட்கவில்லை. சுவரைப் பிடித்தபடியே வாசல் பக்கம் நடந்தார்.

பெரியவள் போய் அறை வாசலில் நின்றுகொண்டாள். அப்பா கட்டிலை நெருங்கியதும் செயலாளர் எழுந்து நாற்காலி கொடுத்தார். அப்பா உட்காரவில்லை. அம்மாவின் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், பட்டறையில் வண்டிக்கு முன்னால் உட்காருவது போலவே.

"பயப்படல," என்றார்.

அம்மா திரும்பினாள்.

"நம்ம பொண்ணு பயப்படல. லீவரை நான் மாத்தி வெச்சிட்டேன். அவளுக்கு எட்டல. எட்டலப்பான்னு சொன்னா. நான்தான் போன்னேன். எட்டாத பிரேக்கை எட்டிப் பிடிச்சிருக்கா. அவ தப்பு ஒண்ணுமில்ல. அந்த ஆள் சொன்னதுக்கெல்லாம் நான் தலையாட்டினது பொய்."

அப்பவே சொன்ன அத்தைக்கும் சொல்ல ஒன்றுமில்லை. செயலாளரின் கை யார் தோளுக்கோ போகக் கிளம்பி, வழியிலேயே நின்று, திரும்பிச் சட்டைப் பைக்குள் போனது.

அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்பாரி வெடிக்கும், ஏச்சு வரும், கை நீளும் என்றுதான் பெரியவள் காத்திருந்தாள். அதில் ஒன்று வந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள். அம்மா மடியிலிருந்த கையைக் குனிந்து பார்த்தாள். சுருண்டிருந்த அந்தச் சின்ன ஆள்காட்டி விரலைத் தன் கட்டை விரலால் நீவினாள்.

"பயப்படல," என்றாள். இந்த முறை அது கேள்வியாக இல்லை.

பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமலே, "எந்திரிங்க," என்றாள். "போய் அவ வண்டியை அவ வெச்சிருந்தபடி வெச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் இவளை எடுக்க வேண்டாம்."

அப்பா எழுந்தார். எழ முடியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யாரும் கை கொடுக்கவில்லை. அவர் வெளியே போனதும் பெரியவள் அம்மாவின் பக்கத்தில் வந்து, ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்தாள்.

சந்தில் கருவிப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்பேனர் ஒன்று கைதவறிக் கீழே விழுந்தது. எடுத்தார். போல்ட் முதலில் கிறீச்சிட்டது, பிறகு விட்டுக்கொடுத்தது. டேப் கிழிபடும் சத்தம். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அறையில் எல்லாரும் அந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியவளே," என்று வெளியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "எவ்வளவு லூஸா விடணும்?"

பெரியவளுக்குப் பதில் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தது. அம்மா கால் விரலால் அவள் முதுகைத் தொட்டாள்.

"கையால தள்ளினா நகரணும்," என்றாள்.

எழுந்து ஜன்னல் வழியே பார்த்தாள். அப்பா உள்ளங்கையை லீவர்மேல் வைத்து, மெதுவாகத் தள்ளினார். அது நகர்ந்தது.